வெளிநாட்டில் வாங்கிய லாக் கைபேசி உள்ளூர் சிம்மை ஏற்குமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: வெளிநாட்டில் இருக்கும் உங்கள் அண்ணன், அங்குள்ள நெட்வொர்க் நிறுவனம் ஒன்றில் மாதத் தவணையில் எடுத்த ஸ்மார்ட்போனை உங்களுக்கு அனுப்பியிருக்கிறார். உள்ளூர் சிம்மைப் போட்டால் 'சிம் நாட் சப்போர்ட்டட்' என்று வருகிறது. பழுது பார்க்கும் கடையில் மென்பொருளை மாற்றிப் பூட்டைத் திறந்து தருவதாகச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா, அல்லது வேறு வழி உண்டா?

கடையில் கொடுக்க வேண்டாம். வேறு நிறுவனத்தின் சிம்மை ஏற்காதபடி போட்ட அந்தப் பூட்டுக்குச் சாவி கைபேசியை விற்ற நிறுவனத்திடம் இருக்கிறது. அதைக் கேட்டுப் பெற வேண்டியவர் உங்கள் அண்ணன். பெரும்பாலும் தவணை முழுவதும் கட்டி முடிந்த பிறகுதான் அது கிடைக்கும். பூட்டு திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். உங்கள் நெட்வொர்க்கின் அலைவரிசைகளையும் 4ஜி வழி அழைப்பையும் அந்தக் கைபேசி ஆதரிக்கிறதா என்பது தனிக் கேள்வி. பலர் முதல் தடையைப் பணம் கட்டித் தாண்டிவிட்டு இரண்டாவதில் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதால் இரண்டையுமே விரிவாகச் சொல்கிறேன்.

பூட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றவை எளிதாக விளங்கும். ஒவ்வொரு சிம்மிலும் ஐஎம்எஸ்ஐ எனப்படும் எண் பதிந்திருக்கும். அது 15 இலக்கம் வரை நீளும். அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிப்பவை. அடுத்து வரும் இரண்டு அல்லது மூன்று இலக்கங்கள் அந்த நாட்டின் எந்த நிறுவனம் என்பதைக் குறிப்பவை. 310 என்று தொடங்கினால் அமெரிக்கா, 234 என்றால் பிரிட்டன், 440 என்றால் ஜப்பான், 404 அல்லது 405 என்றால் இந்தியா. கைபேசியை இயக்கியதும், நெட்வொர்க்கோடு தொடர்புகொள்ளும் பகுதியான மோடம் சிம்மிலிருந்து இந்த எண்ணைப் படித்து, தன்னுள் பாதுகாப்பாகப் பதிந்திருக்கும் அனுமதிப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. பட்டியலில் 310-410 மட்டும் இருக்க, நீங்கள் போட்ட சிம்மோ 404-இல் தொடங்குகிறது என்றால், அந்தச் சிம்மை வைத்து நெட்வொர்க்கில் பதிவு செய்ய மோடம் முயல்வதே இல்லை. அவசர அழைப்புக்கு மட்டும் இடம் விட்டு நின்றுவிடுகிறது. அதனால்தான் டவர் பக்கத்திலேயே இருந்தாலும், உள்ளூர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையை எத்தனை முறை அழைத்தாலும், அவர்களால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. அவர்கள் பக்கத்தில் எந்தக் கோளாறும் கிடையாது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மோடம் சோதிப்பது சிம் யாருடையது என்பதை மட்டுமே. எந்த நாட்டு டவரில் இணைகிறது என்பதை அது பார்ப்பதில்லை. ஆகவே உங்கள் அண்ணன் தன் பழைய சிம்மோடு விடுமுறைக்கு வந்தால் அதே கைபேசி உங்கள் ஊர் டவரில் ரோமிங்கில் தாராளமாகப் பேசும். 'அண்ணன் வந்திருந்தபோது நன்றாகத்தானே வேலை செய்தது, இப்போது மட்டும் என்ன வந்தது?' என்ற குழப்பம் எழுவது இதனால்தான். ரோமிங்கில் வேலை செய்ததால் கைபேசியில் பூட்டு இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் பூட்டு போகாது. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் அந்தப் பட்டியல், ரீசெட் தொடாத மோடம் பகுதியில் இருக்கிறது. ஐபோனில் இன்னும் இறுக்கம்: எந்த ஐஎம்இஐ எண்ணுள்ள (ஒவ்வொரு கைபேசிக்கும் உரிய தனி அடையாள எண்) கருவி எந்த நிறுவனத்துக்குப் பூட்டப்பட்டது என்ற பதிவு ஆப்பிளின் சர்வரில் உள்ளது. கைபேசியை அழித்துப் புதிதாக ஆக்டிவேட் செய்யும் ஒவ்வொரு முறையும் அந்தப் பதிவின்படியே அனுமதி இறங்குகிறது. உள்ளே எதை மாற்றினாலும் வெளியே இருக்கும் அந்தப் பதிவு மாறாதவரை பூட்டு திரும்ப வந்துவிடும்.

நீங்கள் மோதிக்கொண்டிருப்பது இந்தப் பூட்டில்தானா என்பதையும் முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போய்க் கீழே இறங்கினால் 'கேரியர் லாக்' என்ற வரி இருக்கும். அதன் எதிரே 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று இருந்தால் பூட்டு இல்லை. 'சிம் லாக்டு' என்றால் உண்டு. ஆண்ட்ராய்டில் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான இப்படியொரு வரி கிடையாது. வேறு நிறுவனத்தின் சிம்மைப் போட்டதும் 'சிம் நெட்வொர்க் அன்லாக் பின்' என்று ஓர் எண்ணைக் கேட்டால் அதுவே போதுமான சாட்சி. இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் சிம்களைப் போட்டுப் பாருங்கள். இரண்டும் மறுக்கப்பட்டால் பூட்டு, ஒன்று மட்டும் மறுக்கப்பட்டால் அந்தச் சிம்மிலேயே கோளாறு இருக்கக்கூடும். சிம் ஏற்கப்பட்டு, 'நோ சர்வீஸ்' என்று மட்டும் நின்றால் அது அலைவரிசைப் பிரச்சினையாகவோ ஐஎம்இஐ தடையாகவோ இருக்கலாம்.

கடைகளில் 'லாக்' என்ற ஒரே பெயரில் பலவற்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். முந்தைய உரிமையாளரின் ஆப்பிள் ஐடியையோ கூகுள் கணக்கையோ கேட்டு நிற்கும் பூட்டு வேறு. அதை அவர் தன் கணக்கிலிருந்து நீக்கினால் போதும், நெட்வொர்க் நிறுவனத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. பூட்லோடர் லாக் என்பது இயங்குதளத்தை மாற்றாமல் தடுப்பது. அதைத் திறந்தாலும், கைபேசியை ரூட் செய்தாலும் (இயங்குதளத்தின் முழு அதிகாரத்தைக் கைப்பற்றினாலும்) சிம் பூட்டு அசையாது. திருடப்பட்டதாகவோ தவணை கட்டாமல் விடப்பட்டதாகவோ ஐஎம்இஐ கருப்புப் பட்டியலில் ஏறியிருப்பது இன்னொன்று. இவற்றில் எது என்று தெரியாமல் ஆளைத் தேடினால் தவறான சிகிச்சைக்குத்தான் பணம் போகும்.

இனி சாவியைப் பெறும் வழி. *#06# என்று டயல் செய்தால் திரையில் 15 இலக்க ஐஎம்இஐ எண் தெரியும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு சிம் வசதி உள்ள கைபேசியில் இரண்டு எண்கள் வரும். அப்போது முதல் எண்ணைத் தருவது வழக்கம். அந்த எண்ணை அண்ணனுக்கு அனுப்பி, அவர் பெயரில் உள்ள கணக்கிலிருந்து அன்லாக் கோரிக்கை வைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் இணையத்திலேயே படிவம் வைத்திருக்கின்றன. கணக்கு எண், பின், பதிவு செய்த கைபேசிக்கு வரும் ஓடிபி ஆகியவை தேவைப்படலாம். ஆகவே அண்ணன் வேறு நிறுவனத்துக்கு மாறவோ நாடு திரும்பவோ திட்டமிட்டிருந்தால், பழைய எண்ணை ரத்து செய்வதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுவது உத்தமம். எண் போனபின் ஓடிபியும் போய்விடும்; பிறகு அடையாளத்தை நிரூபிக்கவே பெரும்பாடு படவேண்டியிருக்கும்.

நிறுவனங்கள் கேட்கும் நிபந்தனைகள் உலகெங்கும் ஏறத்தாழ ஒன்றுதான்: கருவிக்கான தொகை முழுவதும் கட்டப்பட்டிருக்க வேண்டும், கணக்கில் பாக்கி இருக்கக் கூடாது, கருவி திருட்டுப் புகாரில் இருக்கக் கூடாது, குறிப்பிட்ட காலம் அந்த நெட்வொர்க்கில் அது பயன்பாட்டில் இருந்திருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். அமெரிக்காவில் மாதக் கட்டண வாடிக்கையாளர்களுக்கு ஏடி அண்ட் டி நிறுவனம் 60 நாள் என்றும், டி-மொபைல் 40 நாள் என்றும் கணக்கு வைத்திருந்தன; ப்ரீபெய்டு கருவிகளுக்கு இது பல மாதங்கள் நீளும். இந்த விதிகள் அடிக்கடி மாறுபவை என்பதால் கோரிக்கை வைக்கும் நாளன்று நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ளதையே நம்புங்கள். ஆனால் அடிப்படை மாறாது: விலை மலிவு என்று ப்ரீபெய்டு கைபேசியை வாங்கி, பெட்டியைக் கூடப் பிரிக்காமல் ஊருக்கு அனுப்பினால், அந்தக் கால எண்ணிக்கை தொடங்கவே இல்லை. ஆறு மாதம் மேசை மேல் கிடந்தாலும் அது ஒரு நாள்கூடப் பயன்பாட்டில் இல்லாத கருவிதான். முழுப் பணமும் கொடுத்து வாங்கியிருக்கிறோமே என்ற வாதம் அங்கே எடுபடாது. அந்த மலிவு விலையே, வாங்குபவர் தங்கள் நெட்வொர்க்கில் இருப்பார் என்ற கணக்கில் வைக்கப்பட்டது.

உங்கள் அண்ணன் எடுத்தது தவணைக் கைபேசி என்பதால் இன்னொன்றையும் அவரிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். 'இலவச போன்' என்று விளம்பரம் செய்யும் திட்டங்களில் கருவியின் விலை 24 அல்லது 36 மாதத் தவணையாகப் பிரிக்கப்பட்டு, அதே அளவு தள்ளுபடி மாதாமாதம் பில்லில் வரவு வைக்கப்படும். பூட்டைத் திறப்பதற்காக மீதியை ஒரே முறையில் கட்டினால், வரவேண்டிய மீதித் தள்ளுபடி பெரும்பாலும் ரத்தாகிவிடும். கடைசியில் இலவசக் கைபேசிக்கு அவர் முழு விலையும் கொடுத்ததாக முடியும். நட்டத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்து, தவணை தானாக முடியும்வரை காத்திருப்பதா, இப்போதே கட்டுவதா என்று முடிவெடுப்பது அவர் பொறுப்பு. ஊருக்கு அனுப்பிவிட்டோமே, இனி யார் கேட்பது என்று தவணையை நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது. அப்படிச் செய்தால் ஐஎம்இஐ கருப்புப் பட்டியலுக்குப் போகும்; பட்டியலைப் பல நாட்டு நிறுவனங்கள் தங்கள் உலகக் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏ வழியாகப் பகிர்ந்துகொள்கின்றன; அதன் பிறகு பூட்டைத் திறக்கக் கேட்கும் வாசலும் அடைபட்டுவிடும்.

எந்த நாட்டில், எப்போது வாங்கியது என்பதும் முக்கியம். கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் புதிய கைபேசிகளைப் பூட்டாமலேயே விற்க வேண்டும். பழையவற்றைக் கட்டணமின்றித் திறந்து தர வேண்டும். பிரிட்டனில் 2021 டிசம்பரிலிருந்து பூட்டிய கைபேசிகளை விற்பதற்கு அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் தடை விதித்தது. ஜப்பானிலும் 2021 அக்டோபர் முதல் சிம் பூட்டு கொள்கையளவில் தடை செய்யப்பட்டுவிட்டது. இந்த நாடுகளில் அந்தத் தேதிகளுக்குப் பின் புதிதாக வாங்கியது என்றால் உங்கள் சிக்கல் அநேகமாகப் பூட்டாக இராது.

அமெரிக்காவின் கதை வேறு. 1998ஆம் ஆண்டின் டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தின்படி மென்பொருள் பூட்டை உடைப்பது குற்றம்; கைபேசிகளுக்கு இருந்த விலக்கு புதுப்பிக்கப்படாமல் போனதால், 2013 ஜனவரி இறுதி முதல் நிறுவனத்தின் அனுமதியின்றிப் புதிய கைபேசியைத் திறப்பதே அங்கே சட்டவிரோதமானது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டு வெள்ளை மாளிகைக்கு மனு அனுப்ப, 2014 ஆகஸ்ட் 1 அன்று அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட தனிச் சட்டம் அந்த விலக்கை மீட்டுக் கொடுத்தது. ஆனால் அந்தச் சட்டம் வாடிக்கையாளர் திறந்துகொள்வதைக் குற்றமாக்காமல் விட்டதோடு சரி. நிறுவனங்கள் பூட்டுவதை அது தடுக்கவில்லை. நிபந்தனைகளை நிறைவு செய்தவர்களுக்கும், கணக்கை ஒழுங்காக முடித்துச் சென்ற முன்னாள் வாடிக்கையாளர்களுக்கும் திறந்து தருவதாகவும், கோரிக்கைக்கு இரண்டு வேலை நாளுக்குள் பதில் சொல்வதாகவும் பெரிய நிறுவனங்கள் தங்கள் கூட்டமைப்பான சிடிஐஏ மூலம் 2013 டிசம்பரில் தாமாக உறுதி கொடுத்தன. அண்ணன் அங்கே இருந்தால் கோரிக்கைக் கடிதத்தில் இதை ஒரு வரி குறிப்பிடுவது பயன் தரும்.

கடைக்காரர் சொல்லும் வழிக்கு வருவோம். பழைய காலத்துக் கைபேசிகளில் திறப்பு எண் ஐஎம்இஐயிலிருந்து கணக்கிடக்கூடியதாகவோ எங்கிருந்தாவது கசிந்ததாகவோ இருந்தது. மடிக்கணினியில் கேபிளைச் செருகி நிமிடத்தில் திறந்து கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் கிடைத்த நல்ல பெயரை வைத்துக்கொண்டுதான் இன்றும் பலர் அந்த வேலையைச் செய்வதாகச் சொல்கிறார்கள். இன்றைய கருவிகளில் மூன்று விதமாக நடக்கிறது. முதலாவது, ஏதோ ஓர் இணையதளத்தில் உங்கள் ஐஎம்இஐயைக் கொடுத்து, யாரோ ஒருவர் திறப்பு எண் அனுப்புவார் என்று காத்திருப்பது. தவறான எண்ணைச் சில முறை அடித்தால் பல ஆண்ட்ராய்டு கருவிகள் திறப்பு எண்ணையே ஏற்காமல் உறைந்துவிடும்; பிறகு சரியான எண் வந்தாலும் பயனில்லை.

இரண்டாவது, ஐபோன்களுக்கு விற்கப்படும் மெல்லிய சில்லு. சிம் தட்டில் முதலில் நகத்தைவிட மெலிதான ஒரு தகட்டை ஒட்டி, அதன் மேல் சிம்மை வைத்து உள்ளே தள்ளுவார்கள். ஆக்டிவேட் ஆகும் நேரத்தில் அந்தத் தகடு குறுக்கே நின்று, 'நான் அனுமதிக்கப்பட்ட நிறுவனத்தின் சிம்' என்று பொய் எண்ணைச் சொல்லிவிடும். கடையில் வைத்துப் பார்க்கும்போது சிக்னல் வரும், அழைப்பும் போகும். பிறகு ஒரு நாள் ஐஓஎஸ் அப்டேட் இறங்கும்; அல்லது எதற்காகவோ ரீசெட் செய்வீர்கள்; மறுபடி அதே 'சிம் நாட் சப்போர்ட்டட்'. பூட்டு ஒருபோதும் திறக்கப்படவில்லை, ஏமாற்றப்பட்டிருந்தது, அவ்வளவுதான். அபவுட் பக்கத்தில் 'சிம் லாக்டு' என்றே இருந்துகொண்டிருக்கும் என்பதால் இந்த வித்தையைக் கண்டுபிடிப்பது எளிது. இப்படிப்பட்ட ஐபோனை 'அன்லாக்டு' என்று சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். பயன்படுத்திய கருவியை வாங்கும்போது சிம் தட்டை வெளியே இழுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

மூன்றாவது வழி, விற்ற நிறுவனத்தின் கணினியிலேயே பதிவை மாற்றுவது. அது நிலைத்து நிற்கும். ஆனால் அங்கே கைவைக்க உள்ளாள் வேண்டும். ஏடி அண்ட் டி நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை மைய ஊழியர்களுக்கு லஞ்சம் கொடுத்து, அந்நிறுவனத்தின் கணினிகளில் தீங்கான மென்பொருளை நுழைத்து, பல ஆண்டுகளாக ஏறத்தாழ 19 லட்சம் கைபேசிகளின் பூட்டைத் திறந்துவந்த ஒருவருக்கு 2021 செப்டம்பரில் அமெரிக்க நீதிமன்றம் 12 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. நிறுவனம் கணக்குக் காட்டிய இழப்பு 20 கோடி டாலருக்கு மேல். கடையில் இருக்கும் கேபிளாலும் மென்பொருளாலும் அந்தப் பூட்டு திறக்குமென்றால் அந்த ஆள் இவ்வளவு லஞ்சம் கொடுத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

நிறுவனம் ஒப்புதல் கொடுத்த பிறகு செய்ய வேண்டியது சிறிய வேலை. ஐபோனுக்கு எண் எதுவும் வராது. சர்வரில் பதிவு மாறியதும், வைஃபையில் இணைத்து உள்ளூர் சிம்மைப் போட்டால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். ஏற்காவிட்டால் பேக்கப் எடுத்துவிட்டு அழித்து மீண்டும் ஆக்டிவேட் செய்ய வேண்டும். ஆண்ட்ராய்டில் சிலவற்றுக்குத் திறப்பு எண் வரும். அதை நிதானமாக ஒரே முறையில் சரியாக அடியுங்கள். வேறு சிலவற்றில் செட்டிங்ஸின் உள்ளேயே 'நெட்வொர்க் அன்லாக்' என்ற தேர்வு இருக்கும். அதைத் தொட்டால் கைபேசி சர்வரைக் கேட்டுத் தானே திறந்துகொள்ளும். அழைப்பு வந்து இணையம் மட்டும் வராவிட்டால் உள்ளூர் நிறுவனத்தின் ஏபிஎன்னை (இணைய இணைப்புக்கான அமைப்பு) செட்டிங்ஸில் கையால் சேர்த்துப் பாருங்கள்.

இப்போது இரண்டாவது தடை. எல்லா நாடுகளும் ஒரே அலைவரிசைகளில் 4ஜியை நடத்துவதில்லை. அமெரிக்காவில் 2, 4, 12, 13, 66, 71 என்று எண்ணிட்ட பேண்டுகள் (அலைவரிசைத் தொகுதிகள்) முதன்மையானவை. ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் 1, 3, 7, 8, 20, 28, 40 போன்றவை அதிகம். விலை உயர்ந்த கைபேசிகள் பெரும்பாலும் இரண்டு பக்கத்துப் பேண்டுகளையும் தாங்கியே வருவதால் அவற்றில் கவலை குறைவு. நெட்வொர்க் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கென்றே தயாரிக்கச் செய்து மலிவாக விற்கும் மாடல்களில்தான் சிக்கல். செலவைக் குறைக்க, அந்த நிறுவனம் பயன்படுத்தாத பேண்டுகளை விட்டுவிடுவார்கள். ஒரு பேண்டு விடுபட்டாலும் விளைவு உடனே புலப்படாது. தெருவில் நிற்கும்போது எல்லாம் ஒழுங்காக இருக்கும். வீட்டின் உள்ளறைக்குப் போனதும் சிக்னல் காணாமல் போகும். சுவரைத் தாண்டி வரக்கூடிய தாழ்ந்த அலைவரிசை அந்தக் கருவிக்குக் கேட்காததே காரணம். கைபேசியின் பெயரை மட்டும் வைத்து இதைப் பார்க்கக் கூடாது, ஏனெனில் ஒரே பெயரில் நாட்டுக்கு ஒரு வகை விற்கப்படுகிறது. ஐபோனில் அபவுட் பக்கத்தில் உள்ள மாடல் எண்ணைத் தொட்டால் 'ஏ' என்று தொடங்கும் எண்ணாக மாறும். அதை ஆப்பிள் வெளியிட்டுள்ள பட்டியலோடு ஒப்பிடுங்கள். மற்றவற்றில் மாடல் எண்ணின் கடைசி எழுத்துகள் வரை பார்க்க வேண்டும். 5ஜிக்கும் இதே விதிதான்: உலகின் பெரும்பகுதி என்78 பேண்டை நம்பியிருக்கிறது, அந்தக் கருவியின் பட்டியலில் அது இல்லாவிட்டால் 4ஜியோடு திருப்தி அடைய வேண்டியதுதான்.

பேண்டு பொருந்தினாலும் அழைப்பு பொருந்த வேண்டும் என்பதைப் பலரும் எதிர்பார்ப்பதில்லை. 4ஜியில் குரல் அழைப்பு வோல்ட்டி என்ற ஏற்பாட்டின் வழியாகப் போகிறது. ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் அதற்கான அமைப்புக் கோப்பு கைபேசியின் மென்பொருளில் இருக்க வேண்டும். வெளிநாட்டு நிறுவனத்துக்காகத் தயாரான ஆண்ட்ராய்டில் அந்த நிறுவனத்தின் கோப்பு மட்டுமே இருக்கக்கூடும். சிம் பூட்டைத் திறப்பதால் இந்தக் கோப்பு வந்து சேராது. சோதிப்பது எளிது: ஓர் அழைப்பைப் போட்டு, பேசிக்கொண்டிருக்கும்போதே திரையின் மேல்வரியைப் பாருங்கள். 4ஜி அடையாளம் அப்படியே நின்றால் வோல்ட்டி வேலை செய்கிறது. 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கினால் அது வேலை செய்யவில்லை. பழைய நெட்வொர்க் இருக்கும்வரை மட்டுமே அந்தக் கைபேசியில் பேசலாம். பழைய நெட்வொர்க்கே இல்லாத இடத்தில் இணையம் பறக்கும், ஆனால் சாதாரண அழைப்பு போகாது. 2016-இல் தொடங்கிய இந்தியாவின் ஜியோவில் முதலிலிருந்தே 2ஜியும் 3ஜியும் கிடையாது. ஏடி அண்ட் டி 2022 பிப்ரவரியில் 3ஜியை நிறுத்தியது. ஆஸ்திரேலியா இன்னும் ஒரு படி மேலே போனது: 2024 அக்டோபரில் அங்கே 3ஜி முடிவுக்கு வந்தபோது, 4ஜி வழியே அவசர எண்ணை அழைக்க இயலாத கைபேசிகளுக்கு நெட்வொர்க் சேவையையே மறுக்குமாறு நிறுவனங்களுக்கு உத்தரவு வந்தது. வெளிநாட்டில் வாங்கிய, மற்றபடி குறையில்லாத கருவிகள் பலவும் அதில் சிக்கின. ஐபோன்களில் இந்த அமைப்புக் கோப்புகளை ஆப்பிளே எல்லா நாட்டுக் கருவிகளுக்கும் பொதுவாக அனுப்பிவைப்பதால் இத்தொல்லை அரிது. வெளிநாட்டிலிருந்து ஒன்றை வரவழைப்பதென்றால் ஐபோனைப் பரிந்துரைப்பதற்கு எனக்கு இருக்கும் முதற்காரணம் இதுதான்.

உங்கள் கைபேசிக்கு இது பொருந்தாது, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்: 2022-இல் வந்த ஐபோன் 14 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் ஐபோன்களில் சிம் தட்டே கிடையாது, கைபேசிக்குள்ளேயே மின்னணு முறையில் பதியும் இசிம் மட்டும்தான். உள்ளூர் நிறுவனம் இசிம் தராவிட்டால் பூட்டைத் திறந்தும் பயனில்லை. பூட்டிய கைபேசியில் வேறு நிறுவனத்தின் இசிம்மும் ஏறாது. பூட்டு பிளாஸ்டிக் அட்டைக்கு மட்டுமானது என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அதுபோலச் சில நாடுகளில் வெளிநாட்டுக் கருவியின் ஐஎம்இஐயை அரசிடம் பதிவு செய்து வரி கட்ட வேண்டும். துருக்கியில் பதிவு செய்யாத கைபேசி 120 நாளுக்குப் பின் முடங்கும்; பாகிஸ்தானிலும் இந்தோனேசியாவிலும் இத்தகைய பதிவு முறைகள் உண்டு. எந்த வெளிநாட்டு நிறுவனம் திறந்து கொடுத்தாலும் அந்தத் தடை நீங்காது. உள்ளூர் தொலைத்தொடர்பு ஆணையத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

ஒப்புதல் வரும்வரை கைபேசியைப் பெட்டியில் வைத்திருக்க வேண்டியதில்லை. பூட்டு சிம்மை மட்டுமே தடுக்கிறது, வைஃபையைத் தொடுவதில்லை. உங்கள் பழைய கைபேசியில் உள்ளூர் சிம்மை வைத்து ஹாட்ஸ்பாட் போட்டு, அதில் இந்தப் புதியதை இணைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பைப் புதியதில் நிறுவி, சரிபார்ப்பு எண்ணைப் பழையதில் வாங்கி அடித்தால் போதும். வங்கிச் செயலிகளில் சில, சிம் உள்ள அதே கருவியிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பிச் சரிபார்ப்பவை. அவற்றை மட்டும் பழைய கைபேசியிலேயே விட்டுவையுங்கள்.

நிறுவனம் மறுத்தால், எந்த நிபந்தனை நிறைவாகவில்லை என்பதை எழுத்தில் தருமாறு அண்ணன் கேட்க வேண்டும். பயன்பாட்டு நாள் போதவில்லை என்பது காரணமென்றால், கைபேசியைத் திருப்பி அனுப்பி அவரே தன் சிம்மோடு அந்தக் காலம் முழுவதும் அங்கே பயன்படுத்துவதைத் தவிரக் குறுக்கு வழி கிடையாது. அனுப்பும் செலவையும் தொலையும் அபாயத்தையும் பார்த்தால், விடுமுறைக்கு யாராவது போகும்வரை அதை வைஃபையில் மட்டும் பயன்படுத்துவது மேல். நிபந்தனைகள் எல்லாம் நிறைவாகியும் மறுக்கிறார்கள் என்றால் அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையத்திடம் புகார் கொடுக்கலாம். அமெரிக்காவில் அந்த ஆணையமான எஃப்சிசியின் இணையதளத்தில் கட்டணமின்றிப் புகார் பதியலாம். புகார் நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டதும் அது 30 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். ஐஎம்இஐ எண், கட்டி முடித்த ரசீது, மறுப்புக் கடிதம் ஆகிய மூன்றையும் புகாரோடு இணைக்கச் சொல்லுங்கள்.